கேள்வி கேட்கிறவள்

மழை பெய்தால் வெளியே இருக்கிறவர்களுக்குக் குளிரும். லாண்டரிக்குள் இருக்கிறவர்களுக்குப் புழுங்கும். தகரக் கூரையில் தண்ணீர் விழ விழ, உள்ளே கிளம்பிய ஆவி போக வழியில்லாமல் திரும்பி வந்து ஆட்களின் கழுத்தில் உட்காரும். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பும் ஓட்டல்களின் துவாலையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற இடம் அது. நடுவில் ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். அழுக்குப் பக்கத்தில் சேர்கிறவர்களில் பாதிப் பேருக்கு முதல் மூட்டையை அவிழ்த்ததும் வீட்டு ஞாபகம் வந்துவிடும். சாப்பாட்டு நேரத்துக்குப் போனவர்கள் திரும்ப மாட்டார்கள். மிச்சம் நிற்கிறவர்களைத் தேற்றி, திட்டி, வேலை பழக்குவது ஒரு ஆளின் பொறுப்பு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட அந்த ஆளுக்கு எல்லாரும் வைத்த பேர் வாத்தியார்.

வாத்தியார் எல்லா ஷிஃப்டிலும் ஒரே பாட்டைத்தான் பாடுவார். மூட்டைக்குள் கையை விடாதே, மேசையில் கவிழ்த்துக் கொட்டு, ஊசி கிடக்கும். இரத்தக் கறைக்கு முதலில் பச்சைத் தண்ணீர். துவாலையையும் விரிப்பையும் ஒன்றாகப் போடாதே. மெஷின்களின் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தி, வீட்டுக்கு வரும்போது அவரிடம் தொண்டை என்று ஒன்று இருக்காது. கையைக் குவித்து வாய்க்குக் காட்டினால் டீ. தட்டைக் காட்டினால் சோறு. "வெளியில அத்தனை பேருக்கும் வாய் இருக்கு, எனக்கு மட்டும் ஊமைப் படம்" என்பாள் அவர் பெண்டாட்டி. அவள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, கீழே இருக்கும் துணிக்கடைக்குக் கால்சட்டைகளின் நீளம் குறைத்துக் கொடுப்பவள்.

மகள் அதே லாண்டரியில், மாடியில், கண்ணாடி அறையில். அந்த வீட்டில் பட்டம் வாங்கின முதல் ஆள். பட்டம் வாங்கினதற்குக் கிடைத்தது ஒப்பந்த வேலை. வருஷத்துக்கு ஒருமுறை போவாளா இருப்பாளா என்று ஒரு காகிதம் சொல்லும். அவள் வேலை சுற்றறிக்கை எழுதுவது. எழுதி, அச்செடுத்து, கைரேகை வைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டுவாள். ஈரக் கையோடு வருகிறவர்கள் அதில் தோளைத் துடைத்துக்கொண்டு போவார்கள்.

"நாம எழுதறதை ஒருத்தரும் படிக்கறதில்ல சார்" என்று ஒருநாள் மேனேஜரிடம் சொன்னாள். எப்போதும்போல கொஞ்சம் சண்டைக்கு நிற்கிற குரலில்தான்.

மேனேஜருக்கு வயது அதிகம் இல்லை. கோபமே படாதவர். அதனால்தான் அவரோடு சண்டை போட முடியாது. "அப்ப என்ன பண்ணலாம்?"

"படிக்கறதுக்குக் கண்ணு வேணும், நின்னு பாக்க நேரம் வேணும். அவங்களுக்கு ரெண்டும் இல்ல. காது மட்டும்தான் சும்மா இருக்கு. கம்பெனி வண்டில வர்றப்போ, போறப்போ. துணி மடிக்கிற மேசையில. பாட்காஸ்ட் போடலாம்."

"யூட்யூப்ல பண்றாங்களே, அதுவா?"

"அதுக்கும் கண்ணு வேணுமே சார். இது வெறும் பேச்சு. ரேடியோ மாதிரி. ஆனா ரேடியோ அது பாட்டுக்குப் பேசிட்டுப் போயிடும், இது நீங்க வர்ற வரைக்கும் காத்துக்கிட்டிருக்கும். பாதியில விட்டா விட்ட எடத்துலேர்ந்து தொடரும். ஒரு பாகத்துக்கு ஒரே விஷயம். கறை ஒண்ணு, ஊசி ஒண்ணு, லீவு விதி ஒண்ணு. நம்ம ஆளுங்க போனுக்கு மட்டும் போற மாதிரி வச்சுக்கலாம். இன்னொரு கிளைக்கும் இதே போகும். அங்கதான் சொல்லிக் குடுக்க ஆளே கிடையாதே."

"செலவு?"

"ஒரு மைக். என் கம்ப்யூட்டர். எங்கப்பா."

மேனேஜர் சிரித்தார். தணிக்கை வருவதற்குள் பயிற்சி முழுவதும் ஒலியாகிவிட்டால் அவளை நிரந்தரம் ஆக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு முதுகு நிமிர்ந்தது. அந்த நிமிர்வின்மேல் அவளுக்கே எரிச்சலாக வந்தது. ஒரு சொல்லுக்கு இப்படியா வாலாட்டுவது?

முதல் பாகத்தை ஆபீஸ் கூட்ட அறையில் எடுத்தார்கள். வழவழத் தரை, கண்ணாடிச் சுவர். வாத்தியார் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு வந்து, மைக்கைப் பார்த்ததும் செய்தி வாசிக்கிறவராக மாறிவிட்டார். "பணியாளர்கள் அனைவரும் மூட்டைகளைக் கவனமாகக் கையாளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்றார். கிணற்றுக்குள் விழுந்தவன் கூப்பிடுகிற மாதிரி எதிரொலி வேறு.

"அப்பா, யார்ப்பா இது? ஒரு நாளாவது நீ இப்படிப் பேசிருக்கியா?"

"பதிவாகுதுல்ல, மரியாதையாத்தான் பேசணும்."

அதை அப்படியே போட்டாள். எவ்வளவு பேர் கேட்டார்கள், எந்த இடத்தில் காதிலிருந்து கழற்றினார்கள் என்று காட்டுகிற கோடு ஒன்று கம்ப்யூட்டரில் வரும். அந்தக் கோடு தொடங்கியதும் மாடிப்படியில் உருண்ட தக்காளி மாதிரி கீழே வந்து கிடந்தது.

அடுத்ததை வீட்டில் எடுக்கலாம் என்றாள். மெத்து மெத்தென்று இருக்கிற இடத்தில்தான் குரல் சுத்தமாக விழும். படுக்கையறையில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் கம்பளிகளைத் தொங்கவிட்டு, கீழே தலையணை பரப்பி, அப்பாவை உட்காரவைத்தாள். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி மைக். மின்விசிறி நிறுத்தியாயிற்று. மாடிவீட்டுக்காரர் துளை போடும் மெஷினை ஓட்டாத ஞாயிற்றுக்கிழமை மதியம். அம்மாவைத் தையலை நிறுத்தச் சொன்னதில் அவளுக்குக் கோபம். கையில் பாதி பிரித்த கால்சட்டையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஊசியால் நூலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இரத்தக் கறை படிந்த துணிகளை முதலில் குளிர்ந்த நீரில் அலசுதல் வேண்டும்" என்றார்.

"அதெப்படி?" என்றாள் அம்மா, தலையைத் தூக்காமலே. "நல்லாக் கொதிக்கக் கொதிக்க ஊத்தினாத்தானே அழுக்குப் போகும்?"

வாத்தியார் அவ்வளவுதான். "கொதிக்கக் கொதிக்க ஊத்து! ஊத்திட்டு அந்தக் கறையோட குடும்பம் நடத்து! ஏம்மா, முட்டையைக் கொதிக்கிற தண்ணில போட்டா என்ன ஆகும்?"

"வேகும்."

"இரத்தமும் அப்படித்தான், வெந்து நூலுக்குள்ள உக்காந்துக்கும். அப்புறம் உங்கப்பன் வந்து இழுத்தாலும் வராது."

"எங்கப்பாவை எதுக்கு இழுக்கறீங்க? அவர் என்ன லாண்டரியா வச்சிருந்தார்?"

"வச்சிருந்தா உனக்கு இது தெரிஞ்சிருக்கும்ல."

"சரி, பச்சத் தண்ணில எவ்வளவு நேரம்?"

"தண்ணி செவப்பா வர்றது நிக்கற வரைக்கும். நேரம் பாக்காதே, தண்ணியப் பாரு."

மகள் நிறுத்தவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிவை ஓடவிட்டாள். அப்பாவை அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவருக்குச் சொல்லிக்கொடுக்க வராது. திருத்தத்தான் வரும். எதிரில் ஒருத்தர் தப்பாகச் சொன்னால்தான் அந்த வாய் திறக்கும். லாண்டரியில் புதிதாக வருகிறவர்கள் நாள் முழுக்கத் தப்புப் பண்ணுகிறார்கள், அதனால் நாள் முழுக்கப் பேசுகிறார். மைக் தப்பே பண்ணாது. அதனிடம் என்ன பேசுவார்?

அந்தப் பாகம் வெளியான அன்று கம்பெனி வண்டியில் ஓட்டுநர் அதைச் சத்தமாகவே போட்டுவிட்டார். மடிக்கிற மேசையில் ஒருத்தி "தண்ணியப் பாரு" என்பாள், இன்னொருத்தி "உங்கப்பன் வந்தாலும் வராது" என்பாள். கோடு விழவே இல்லை. வாத்தியார் தனியாகப் பேசுகிற இடத்தில் கொஞ்சம் தொங்கும், அம்மா வாயைத் திறந்ததும் எழுந்துகொள்ளும். யாரும் பார்த்தே இராத அவளுக்குக் கேள்விக்காரம்மா என்று பேர் வந்துவிட்டது. "கேள்விக்காரம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க வாத்தியாரே" என்று அனுப்பினார்கள். இன்னொரு கிளையிலிருந்தும் சேதி வந்தது. அங்கே இருக்கிற பெண்கள் ஊசிக்குப் பயந்து ரெண்டு கையுறை மேல்மேல் போட்டுக்கொண்டிருந்தார்களாம். "ரெண்டு போட்டா நல்லதுதானே?" என்று கேள்விக்காரம்மா கேட்டு, "போட்டா ஊசி குத்தறதே தெரியாது, வீட்டுக்குப் போய்த்தான் தெரியும்" என்று வாத்தியார் கத்தின பிறகுதான் ஒன்றைக் கழற்றினார்களாம்.

அம்மாவுக்கு இந்தப் புகழ் பிடித்துத்தான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. ஞாயிறு மதியம் வந்தால் தானாகவே கம்பளியை உதறித் தொங்கவிடுவாள். "இன்னிக்கி நான் எதைத் தப்பாக் கேக்கணும்?"

"நீ கேக்கறதே தப்புதாம்மா, புதுசா எதுக்கு யோசிக்கற" என்பார் வாத்தியார்.

கொஞ்ச நாளில் வாத்தியார் தொண்டை சரியாகிவிட்டது. புதிதாகச் சேர்கிறவர்களை ஓய்வறையில் உட்காரவைத்து, வரிசையாகப் பாகங்களைப் போட்டுவிட்டு, பிறகு உள்ளே அனுப்பினார்கள். அவர் கத்த வேண்டியதில்லை. சும்மா நடந்தார். நடக்கிறவரைக் கூப்பிட்டு மேனேஜர் டீ கொடுத்தார். அந்த டீயைப் பற்றி வீட்டில் ரெண்டு நாள் பேசினார். வேலை செய்கிறவனுக்கு மேனேஜர் டீ கொடுத்தால் கோப்பைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? இவர் சர்க்கரை போதவில்லை என்பதைத்தான் பார்த்தார்.

அடியில் இருந்ததை மகள்தான் முதலில் பார்த்தாள். மேனேஜர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"கடைசிப் பாகம் ரோலர்தானே? அது முடிஞ்சா பயிற்சி முழுசும் முடிஞ்சது. அதோட ஆரம்பத்துல ஒரு சின்ன அறிவிப்பு சேக்கணும். சந்தோஷமா இருக்கணும்." ஒரு வரியைச் சொன்னார்: "வாத்தியார் இனிமே ஒரு ஷிஃப்டில் இல்லை, எல்லா ஷிஃப்டிலும் இருக்கிறார்."

"புரியல சார்."

"குரல்தான் எல்லா இடத்துலயும் இருக்கே. தனியா ஒரு பயிற்சியாளர் தேவைப்படல. அப்பாவை அழுக்குப் பக்கத்துல, மூட்டை இறக்கற இடத்துக்கு மாத்தறோம். வேலையெல்லாம் போகாது, கவலைப்படாதீங்க. இது உங்க முயற்சியாலதான். உங்க விஷயமும் மேலிடத்துல பேசிட்டேன்." பேசினதை நல்ல சேதியாகவே நினைத்துக்கொண்டிருந்தார். அதுதான் அவளை எரித்தது. கெட்டவனாக இருந்தால் அறைந்துவிட்டு வரலாம்.

வீட்டில் மழைக்கு ஜன்னல் மூடியிருந்தது. அம்மா உருளைக்கிழங்கு வேகவைத்து உரித்துக்கொண்டிருந்தாள். மகள் பையைக்கூட இறக்காமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிக் கொட்டினாள்.

அம்மா சூட்டுக் கிழங்கைக் கையிலேயே வைத்திருந்தாள். அப்பா ஒரு கிழங்கில் உப்பைத் தொட்டார்.

"மூட்டை இறக்கறதும் வேலைதானே" என்றார்.

"உன் இடுப்புக்கு?"

"இடுப்பு ஆரம்பத்துல வலிக்கும், அப்புறம் பழகிடும். புதுசா வர்றவங்ககிட்ட நானே அப்படித்தான் சொல்லுவேன்."

"அது பொய்ன்னு உனக்குத் தெரியும்ப்பா!"

"கத்தாத. ரோலர் பாகத்தை முடி. உனக்கு நிரந்தரம் ஆகணும். வயசான மாடு வண்டி இழுத்தா என்ன, செக்கு இழுத்தா என்ன? நீ நில்லு முதல்ல."

"நான் நிக்கறதுக்கு உன் தோள்மேலதான் ஏறணுமா?"

"பின்ன யார் தோள்ல ஏறுவ? மேனேஜர் தோள்லயா?" என்று சிரித்தார். சிரித்தவர் உட்காரவில்லை. எழுந்து ஜன்னலைத் திறந்தார், சாரல் அடித்ததும் மூடினார், செருப்பை நேராக வைத்தார், தண்ணீர்க் குழாயை இறுக்கினார். ஏற்கெனவே இறுக்கித்தான் இருந்தது.

அம்மா கிழங்கை மசித்து வைத்துவிட்டுத் தையலில் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு மெஷின் ஓடின ஓட்டத்தில் கீழ்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டினாள்.

ஞாயிறு மதியம் கம்பளியை மகளே தொங்கவிட்டாள். மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்திருந்தாள். அப்பா குளித்து, தலை சீவி, சந்துக்குள் போய்க் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டார். "ஆரம்பி. ரோலர்தான் எல்லாத்தையும் விட மோசம். விரல் போனா வராது. இது எல்லார் காதுக்கும் போகணும்" என்றார். அதற்கு என்ன சொல்வது? ரோலர் என்பது ஆள் நீளத்துக்குக் கொதிக்கும் உருளைகள். விரிப்பின் ரெண்டு முனையை ரெண்டு பெண்கள் பிடித்துக் கொடுத்தால் ஈரமாகப் போவது காய்ந்து மடிப்பில்லாமல் வெளியே வரும். விரிப்போடு விரல் போனால் விரலும் அப்படித்தான்.

பதிவு ஓடியது. அம்மா கட்டில் ஓரத்தில்.

"ரோலர் பக்கத்துல போறப்போ..." என்று ஆரம்பித்து, வாத்தியார் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"வளையல், மோதிரம், தொங்கற துப்பட்டா எதுவும் இருக்கக்கூடாது" என்றார். பார்த்தார். ஒன்றும் வரவில்லை. தூண்டில் போட்டார்: "மெல்லிசு மோதிரம்தானே, இருந்தா என்னன்னு கேப்பாங்க சில பேர்."

"கேக்க மாட்டாங்க" என்றாள் அம்மா.

"துணி உள்ள போய்ச் சுருண்டுக்கிச்சுன்னு வை. கையால வெடுக்குனு இழுத்துடலாம்னு நெனப்ப நீ."

"நெனக்க மாட்டேன். செவப்புப் பட்டனை அமுக்கணும். உருளை முழுசா நிக்கணும். ஆளைக் கூப்பிடணும். கேட்டுக் கேட்டு எனக்கு எல்லாம் வந்துருச்சு. இனிமே கேக்க ஒண்ணுமில்ல."

வாத்தியார் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"அம்மா, என்ன பண்ற நீ? கேளும்மா!" மகள் கத்தினாள்.

"நீ கேளேன். நீதான் படிச்சவளாச்சே."

மகள் கேட்டாள். "ரோலரில் பணிபுரியும்போது கவனிக்க வேண்டியவை என்னென்னப்பா?" அவள் காதுக்கே அது பரீட்சைத் தாள் மாதிரி விழுந்தது. அப்பாவும் பரீட்சை எழுதுகிறவராக மூன்று வரி சொல்லி முடித்துக்கொண்டார். முதல் நாள் செய்தி வாசித்த அதே ஆள்.

"ஏம்மா, பொண்ணு பொழப்புல மண்ணைப் போடாத" என்றார் வாத்தியார். குரல் கெஞ்சியது. "ஒண்ணே ஒண்ணு கேளு. எப்பவும்போல."

"எப்பவும்போலக் கேட்டுத்தான் உங்களை மூட்டை தூக்க அனுப்பினேன்" என்றாள் அம்மா. பிரித்த கால்சட்டையை மடியிலிருந்து தள்ளினாள். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும். ஊர்ல எல்லாரும் கேள்விக்காரம்மா கேள்விக்காரம்மான்னாங்க, நானும் இளிச்சுக்கிட்டுக் கேட்டேன். நான் என்ன உங்க லாண்டரியில வேலைக்கா சேரப்போறேன்? எனக்கு எதுக்கு இரத்தக் கறை?"

மாடிவீட்டுக்காரர் ஞாயிறு என்றும் பாராமல் துளை போடத் தொடங்கினார். நாலு சுவரும் கிர்ரென்றது. அப்பா, "இவன் ஒருத்தன்" என்றார். சத்தம் நின்றது. அம்மா மறுபடி பேசியபோது குரல் தணிந்திருந்தது.

"சரி, ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு ஒரு பொண்ணு புதுசா வர்றா. இதையெல்லாம் கேட்டுட்டுத்தான் வர்றா. ரோலர் முன்னாடி நிக்கறா. இதுல சொல்லாத ஒண்ணு ஆயிடுது. அவ யாரைக் கேப்பா?"

"என்னை..." என்றார் வாத்தியார். நிறுத்தினார்.

"நீங்க அழுக்குப் பக்கம் மூட்டைக்கு அடியில இருப்பீங்க."

"அப்ப மேனேஜரைக் கேக்கட்டும்! செவப்புப் பட்டனை அமுக்கிட்டு, நேரா மாடிக்குப் போய் மேனேஜரைக் கேக்கட்டும். வாத்தியார் வேணாம்னு சொன்னவருக்குத் தெரியாமலா இருக்கும்?"

"அவருக்குத் தெரியலைன்னா?"

"எனக்குப் போன் போடட்டும்!" என்று சொல்லிவிட்டு, கோபத்தில் தன் நம்பரையும் மளமளவென்று ஒப்பித்தார்.

மகள் பதிவை நிறுத்தினாள். வெட்டினால் மூன்று வரிப் பரீட்சை மிஞ்சும். அதை அனுப்பினால் நிரந்தரம். மதியம் முழுக்க அந்தச் சின்ன வீட்டுக்குள் நடந்தாள். சமையலறைக்கு நாலு எட்டு, வாசலுக்கு நாலு எட்டு. அப்பாமேல் கோபம், சுலபமாகக் கழுத்தை நீட்டினதற்கு. அம்மாமேல் கோபம், சொல்லாமல் செய்ததற்கு. தன்மேல்தான் அதிகம். காது சும்மா இருக்கிறது என்று மேனேஜருக்குக் காட்டிக்கொடுத்தது யார்? பிறகு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். ஆரம்பத்தில் சேர்க்கச் சொன்ன சந்தோஷ அறிவிப்பை விட்டுவிட்டாள். மற்றதில் எதையும் வெட்டவில்லை. துளை போடும் சத்தத்தைக்கூட. ரெண்டு கிளைக்கும் அனுப்பினாள்.

திங்கட்கிழமை காலை ரோலரில் ஒரு விரிப்பு சுருண்டது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் சிவப்புப் பட்டனை அமுக்கினாள். வாத்தியார் சொன்னால் சொன்னபடி செய்துதான் அங்கே எல்லாருக்கும் பழக்கம். அவள் நேராக மாடிக்குப் போனாள். கூட வேலை செய்தவளும் போனாள். ரோலர் நின்றதால் மடிக்கிற மேசைக்குத் துணி வரவில்லை. அவர்களும் ஏன் நிற்கிறது என்று கேட்கப் போனார்கள். துவைக்கிற பக்கத்தில் ஒருவருக்கு வெகு நாளாக ஒரு சந்தேகம் இருந்தது. அதையும் கேட்டுவிடலாம் என்று அவரும் வந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே சொட்டச் சொட்ட வரிசை.

"சார், விரிப்பு ரெண்டு சுத்து சுத்திக்கிச்சு. பின்பக்கம் கழட்டவா, முன்பக்கமா?"

"சூபர்வைசரைக் கேளுங்க" என்றார் மேனேஜர்.

"உங்களைத்தான் கேக்கச் சொன்னார் சார். கேள்விக்காரம்மா கேட்டாங்கல்ல, கேக்கலையா நீங்க?"

அவர் கேட்டிருக்கவில்லை. அத்தனை பேருக்கும் முன்னால் போனை எடுத்துக் கேட்டார். வரிசையும் நகராமல் கூடக் கேட்டது. தன் பேர் வந்த இடத்தில் அவர் முகம் மாறவில்லை. அவர்தான் கோபமே படாதவராயிற்றே. வாத்தியாரை அழுக்குப் பக்கத்திலிருந்து கூட்டிவரச் சொன்னார். மகளைப் பார்த்து, "இதை நீங்கதானே போட்டீங்க?" என்றார்.

"ஆமா சார்."

"மைக்கைக் கொண்டுவந்து குடுத்துடுங்க."

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்ற காகிதம் அதே வாரத்தில் வந்தது. வாத்தியாரைத் தற்காலிகமாக ரோலர் பக்கம் போட்டார்கள்.

மகள் அதை வீட்டில் சொன்ன மாலையில், ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வாத்தியார் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

"உன்னை யாரு அதை அப்படியே போடச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"நம்பர் சொன்னதையாவது வெட்டத் தெரியாதா உனக்கு? கோவத்துல நான் ஆயிரம் பேசுவேன். படிச்சவதானே நீ!"

"படிச்சதாலதான் வெட்டல."

"என் வேலை போனா ஒரு கிழவன் வேலை போச்சு. உன்னது போனா? இந்த வீட்ல ஒருத்தியாவது உக்காந்து சம்பாதிக்கணும்னு எத்தனை மூட்டை அவுத்திருப்பேன் நான்!"

"நான் உக்காந்து சம்பாதிக்கத்தான்ப்பா உன்னைக் கிளப்பினாங்க. என்னை வச்சே!"

"வாயைப் பாரு."

"யார் பொண்ணு?" என்றாள் அம்மா நடுவில்.

அவர் யாரையும் பார்க்காமல் ரப்பர் பூட்ஸில் ஒரு காலை நுழைத்தார். கீழே கம்பெனி வண்டி வந்து ஹாரன் அடித்தது. மேசைமேல் அவர் போன் அடித்தது. மகள்தான் எடுத்தாள். தெரியாத நம்பர். பின்னால் ஒரே இரைச்சல். ஒரு பெண் குரல், மூச்சு வாங்க:

"வாத்தியாருங்களா? நான் இன்னொரு கிளைலேர்ந்து. ரோலர்ல விரிப்பு மாட்டிக்கிச்சு, இழுத்தா வர மாட்டேங்குது, கூட இருக்கற பொண்ணு இழுத்துக்கிட்டே இருக்கா..."

மகள் போனை அப்பா பக்கம் நீட்டினாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டி வாங்கினார்.

"யாரும்மா அது? இழுக்காதே! இழுக்கற கையை எடுக்கச் சொல்லு. எடுத்தாளா? பட்டன் எங்க இருக்கு, உனக்கு இடது பக்கமா? அமுக்கு. அமுக்கினியா? சத்தம் நிக்கட்டும். அதுக்கப்புறம் பேசு."

ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் ஒன்றுமில்லை. போனை ஒரு காதில் அழுத்தி இன்னொரு காதை விரலால் அடைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கத்து இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்வது அறைக்குள் மூன்று பேருக்கும் கேட்டது. கீழே ஹாரன் விடாமல் அடித்தது. மகள் ஜன்னல் பக்கம் நகர்ந்தாள்.

"விடு, அடிக்கட்டும்" என்றாள் அம்மா.